தட்டில் விழாதது

காலையில் கூண்டின் அடித்தட்டை வெளியே இழுத்தபோது, அதில் விரித்திருந்த தாளில் ஒன்றுமே இல்லை.

முதல் நாள் மாலை அவளே கத்தரித்து விரித்த வெள்ளைத் தாள்தான். அதற்கு மேலே நான்கு குருவிகள் குச்சியில் ஒட்டி உட்கார்ந்து தூங்கி, விடிந்ததும் எழுந்து தினையைக் கொறித்து, தண்ணீரில் முங்கி, ஒன்றையொன்று கொத்தி, ஒரு நாளைக்கு உண்டான அமர்க்களத்தில் பாதியை முடித்துவிட்டிருந்தன. தினைக் கிண்ணத்தில் பள்ளம் விழுந்திருந்தது. ஆனால் தாளில் ஒரு சொட்டு எச்சம் இல்லை. ஓர் உமி இல்லை. உதிர்ந்த இறகு ஒன்றுகூட இல்லை. கட்டைப் பிரித்து அப்போதுதான் உருவியது போலப் பளிச்சென்று கிடந்தது.

கணவன் மாற்றியிருப்பான் என்று நினைத்தாள். குளித்துவிட்டு வந்தவனைக் கேட்டதற்கு, அந்த அறைப் பக்கமே போகவில்லை என்றான். போகட்டும், ஒரு தாள் மிச்சம் என்று அதையே தட்டோடு திரும்ப உள்ளே தள்ளினாள். தள்ளும்போது மூக்கில் லேசாக ஒரு வாசனை ஏறியது. புதிதாக அறுத்த மரத்தின் வாசனை. ஜன்னலைத் திரும்பிப் பார்த்தாள். அது மூடித்தான் இருந்தது.

குருவிகள் அவளுடைய நாத்தனார் வளர்த்தவை. கட்டைவிரல் அளவு உடம்பு, ஆரஞ்சு மூக்கு, ஆணுக்கு மட்டும் கன்னத்தில் ஒரு செம்பொட்டு. கடையில் ஃபிஞ்ச் என்று சொல்லி விற்பார்கள், நாத்தனாருக்கு அவை வெறும் குருவிகள். கல்யாணம் காட்சி எதுவும் வேண்டாம் என்று, அச்சகத்தில் புத்தகம் தைத்தும் பசை தடவியும் தம்பியை ஆளாக்கியவள் நாத்தனார். அச்சகத் தூசியில் நெஞ்சு கெட்டு வேலையை விட்டு வீட்டோடு வந்தபோது, கையோடு கொண்டுவந்தது ஒரு ஜோடிக் குருவியும் வெட்டி ஒதுக்கிய வெள்ளைத் தாள் கட்டுகளும்தான். வீட்டில் வெளிச்சம் வருகிற ஒரே அறையில், கட்டிலின் தலைமாட்டில், படுத்துக்கொண்டே கை நீட்டினால் எட்டுகிற உயரத்தில் ஒரு பலகை அடிக்கச் சொல்லி அதன்மேல் கூண்டை வைத்துக்கொண்டாள்.

காலையில் கண் விழித்ததும் நாத்தனாருக்கு முதல் வேலை அந்தத் தாளை உருவுவது. உருவி, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, எக்ஸ்ரே படம் பார்க்கிற டாக்டரைப் போல நிதானமாகப் பார்ப்பாள். ஆண் குருவி நேற்று சரியாகச் சாப்பிடவில்லை, பெட்டைக்கு வயிறு சரியில்லை, இன்னும் கொஞ்ச நாளில் முட்டை வைக்கும் என்று எல்லாவற்றையும் எச்சத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள். வேறு எதையும் தட்டில் விரிக்க விடமாட்டாள். இரவில் மூச்சுக்கு அல்லாடித் தூக்கம் வராமல் கிடக்கும்போது, தாளின் மேல் எச்சம் விழுகிற சின்னச் சத்தம் காதில் கேட்க வேண்டும் அவளுக்கு. பொட். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு பொட்.

"அது கேட்டா போதும். கூட ஒரு ஆள் முழிச்சிட்டு இருக்கற மாதிரி" என்பாள்.

நாத்தனார் போய்ச் சில மாதங்கள் ஆகின்றன. மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம் அது. தண்ணீர்ப் பம்புகள் பழுது பார்க்கிற பட்டறையில் கணவனுக்கு வேலை. போன் போனதும் ஈரத்தோடு ஓடிவந்தான். அவனிடம் அவள் சொன்னது இரண்டே வாக்கியம். "கையைப் பிடிச்சிட்டே இருந்தேங்க. சட்டுனு மூச்சு நின்னு போச்சு." அவன் நம்பினான். நம்பித்தான் அழுதான்.

மறுநாளும் தாள் சுத்தமாக இருந்தது. அதற்கு மறுநாளும். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக் கூண்டுக்கு எதிரே உட்கார்ந்தாள். தாய்க் குருவி குச்சியின் ஓரத்துக்கு நகர்ந்து வாலைத் தூக்கியது. வெள்ளையும் கறுப்புமாக ஒரு சொட்டு அதன் உடம்பிலிருந்து பிரிவதைக் கண்ணால் பார்த்தாள். கண்ணைக் கீழே இறக்கித் தாளைப் பார்த்தாள். தாளில் எதுவும் இல்லை. சத்தமும் கேட்கவில்லை.

தினை வாங்கப் போனபோது குருவிக்கடைக்காரரிடம் பேச்சுவாக்கில் கேட்டாள். அவர் கிளிக்கூண்டு ஒன்றைக் கழுவிக்கொண்டே சிரித்தார். தின்றால் போக வேண்டும், போகவில்லை என்றால் செத்திருக்க வேண்டும், இரண்டும் இல்லை என்றால் பார்க்கிறவர் கண்ணாடி மாற்ற வேண்டும் என்றார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"அந்த மரத்தூளை விட்டுட்டீங்கல்ல?"

"எந்த மரத்தூள்? நான் எப்ப போட்டேன்?"

"கேட்டீங்களேம்மா, அதான்" என்று அவர் மறுபடி குனிந்துகொண்டார்.

அன்று வீடு வந்து சேரும் வரை அந்தக் கேள்வி அவள் முதுகிலேயே வந்தது. அதைவிடப் பெரிய விஷயம் வீட்டில் காத்திருந்தது. இரவுக்குப் படுக்கையை உதறியபோது தலையணை உறையிலிருந்து பழுப்பாக ஏதோ உதிர்ந்தது. விரலால் தொட்டுத் தேய்த்துப் பார்த்தாள். மாவைப் போல மெல்லியது. மரத்தூள். மறுநாள் மடித்து வைத்த துணியின் மடிப்புக்குள் ஒரு கோடு. குளிக்கிற சோப்பின் மேல் ஒரு படலம். காலையில் வாய் கொப்பளித்துத் துப்பிய தண்ணீரில்.

மரத்தூளை அந்த வீட்டுக்குள் கொண்டுவந்தது யார் என்று அவளுக்குத் தெரியும். அவள்தான்.

அந்தக் கதையையும் சொல்லிவிட வேண்டியதுதான். அவளுக்குச் 'சிக்கனம்' என்று பெயர் வைத்தது நாத்தனார். பால் பாக்கெட்டைக் கழுவிக் காயவைப்பாள், சோப்பின் கடைசித் துண்டுகளை ஒன்றாக ஒட்டுவாள், எரிகிற விளக்கைக் கண்டால் கை தானாக சுவிட்சுக்குப் போகும். சிக்கனமாக இருப்பதில் கேவலம் என்ன? ஒன்றும் கிடையாது. அதையே பெயராக்கி நாலு பேர் முன்னால் கூப்பிட்டால் கேவலம்தான். "எங்க சிக்கனம் எங்க, காணோம்?" என்று நாத்தனார் கேட்டால், வந்தவர்கள் சிரிப்பார்கள். அவளும் சிரித்து வைப்பாள். உள்ளே ஒவ்வொன்றாகச் சேர்த்து வைத்துக்கொண்டாள், பால் பாக்கெட்டை விடப் பத்திரமாக.

பிறகு அவள் உண்டானாள். டாக்டர் எடுக்கச் சொன்ன ஸ்கேனை அடுத்த மாதம் எடுத்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டாள். அடுத்த மாதத்துக்குள் குழந்தை தங்காமல் போய்விட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் சுவரைப் பார்த்துக் கிடந்தவளின் தலைமாட்டில் வந்து நின்று நாத்தனார் கேட்டாள்:

"இதுலயும் சிக்கனமா?"

கோபத்தில் கேட்டாளா, துக்கத்தில் கேட்டாளா, தெரியாது. கேட்டுவிட்டாள். அன்றைக்கு அவள் சுவரிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை. ஆனால் அன்றைக்கே கணக்கைத் தீர்ப்பது என்று முடிவாகிவிட்டது, எப்படி என்பதுதான் பாக்கி.

அது தானாக வந்து அமைந்தது. நாத்தனார் படுத்த படுக்கையானதும் கூண்டு வேலை இவள் கைக்கு வந்தது. தூசி மட்டும் அறவே ஆகாது, அது அவருக்கு விஷம் என்று டாக்டர் சொன்னபோது இவளும் பக்கத்தில் நின்று தலையாட்டினாள். அந்த வாரமே குருவிக்கடைக்குப் போய், கூண்டில் விரிக்க மலிவாக என்ன கிடைக்கும் என்று விசாரித்தாள். அவர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். பழைய பேப்பர் போதும், செலவே இல்லை. கழுவிக் காயவைத்த மணல் போடலாம். சோளத்தக்கைப் பொடி நல்லதுதான், விலை கொஞ்சம் கூட. மரக்கடையில் தூள் சும்மாவே அள்ளிக்கொள்ளச் சொல்வார்கள், ஆனால் குருவிக்கு ஆகாது, இறக்கை அடித்தால் புகை மாதிரி கிளம்பும். வீட்டில் இளைப்புக்காரர் இருந்தால் வாசலுக்குள்ளேயே விடாதீர்கள் என்றார்.

அவள் நேராக மரக்கடைக்குப் போனாள். சீவல் இருந்தது, சுருள் இருந்தது. அவள் அவற்றைத் தொடவில்லை. வாளுக்கு அடியில் சலித்த மாவைப் போலக் குவிந்திருந்ததை அள்ளிச் சாக்கில் கட்டினாள். தாள் கட்டுகளை நடையில் இருந்த பரண்மேல் பெட்டிக்குப் பின்னால் ஒளித்தாள். தாள் தீர்ந்துவிட்டது, குருவிக்கடைக்காரர்தான் இதைப் போடச் சொன்னார் என்று கணவனிடம் சொன்னாள். மழை உள்ளே அடிக்கிறது என்று ஜன்னலைச் சாத்தி ஆணி அடித்தாள். குருவிகள் பறக்கும் போதெல்லாம் தட்டிலிருந்து பழுப்பாக எழுந்து, வெயில் கற்றையில் சுழன்று, மெதுவாக, அவசரமே இல்லாமல், கீழே படுத்திருந்தவளின் முகத்தில் இறங்கும்.

"பேப்பர் போடும்மா" என்று நாத்தனார் ஒரே ஒரு முறை கேட்டாள். அதைச் சொல்வதற்குள் மூன்று முறை மூச்சு வாங்கினாள்.

"இது சும்மா கிடைக்குது அண்ணி. நான் சிக்கனம் இல்லயா?"

நாத்தனார் அவளைப் பார்த்தாள். எல்லாம் புரிந்த பார்வை. அதற்கப்புறம் கேட்கவே இல்லை. அந்த நாட்களில்தான் கூண்டுக்குள் இருந்த கூட்டில் முட்டை பொரிந்து இரண்டு குஞ்சுகள் வந்தன.

அந்தக் குஞ்சுகளில் ஒன்று ஆண். வளர்ந்து, மூக்கு ஆரஞ்சாகி, கன்னத்தில் செம்பொட்டு தெளிந்துவிட்டது. தாள் வெறுமையாகக் கிடக்கத் தொடங்கிய அதே வாரத்தில் அது பாடத் தொடங்கியது.

அடுப்படியில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அறையிலிருந்து மெல்லியதாக ஒரு சீழ்க்கை வந்தது. தகப்பன் குருவியின் பாட்டு அவளுக்குத் தெரியும், பொம்மை வண்டி உருள்வது போல டிக்டிக்கென்று இருக்கும். இது அது அல்ல. சீ... ஈ... ஈ... என்று நீளமாக உள்ளே இழுத்தது. நின்றது. க், க் என்று இரண்டு செருமல். மறுபடி இழுத்தது, இன்னும் மெல்லியதாக, இன்னும் நீளமாக. கத்தி விரலில் பட்டதுகூட அவளுக்கு உறைக்கவில்லை. அந்த இழுப்பை இதே அடுப்படியில் நின்று வாரக்கணக்கில் கேட்டவள் அவள்.

நாளுக்கு நாள் பாட்டு வளர்ந்தது. பாடம் ஒப்பிக்கிற பிள்ளையைப் போலத் தெரிந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டு, கடைசியில் புதிதாகக் கொஞ்சம் சேர்த்துக்கொண்டது. பாடி முடித்ததும் தலையைச் சாய்த்து அவளைப் பார்க்கும். அவளுக்கும் அப்போது நெஞ்சில் ஏதோ அடைக்கும். இருமினால் நாக்கில் மரத்தின் கசப்பு.

கணவன் வாயில்லாப் பூச்சி. ஆனால் காது உள்ளவன். ஓடுகிற மோட்டாரின் மேல் ஸ்க்ரூட்ரைவர் முனையை வைத்து, பிடியைக் காதில் பொருத்தி, கண்ணை மூடிக் கேட்டால் உள்ளே எது தேய்ந்திருக்கிறது, எவ்வளவு நாளாகத் தேய்கிறது என்று சொல்லிவிடுவான். விடுமுறை நாளில் அவன் அந்தப் பாட்டைக் கேட்டான். கேட்டதும் எழுந்துபோய்க் கட்டிலில் உட்கார்ந்தான். குருவி முதலிலிருந்து பாடியது. அவன் கண்ணை மூடிக்கொண்டான். அது முடிவதற்கு வெகு நேரம் ஆனது. முடித்துவிட்டு அலகால் தட்டின் விளிம்பைக் கொத்தியது. டொக். டொக். டொக். நிறுத்தியது.

"அக்கா" என்றான், யாரிடமும் இல்லாமல்.

அவள் உடனே, குருவிகளைக் கடைக்காரரிடமே கொடுத்துவிடலாம், கேட்டால் மனசு கஷ்டப்படுகிறது, உங்களுக்கும் நல்லதில்லை என்று ஆரம்பித்தாள். அவன் மாட்டேன் என்று தலையை மட்டும் ஆட்டினான். அடுத்த நாள் பட்டறையிலிருந்து வரும் வழியில் குருவிக்கடைக்குப் போய்விட்டு வந்தான். செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னான்.

"கூட்டுல இருக்கும்போது காதுல எது விழுந்துச்சோ, அதைத்தான் பெருசானதும் பாடுமாம். சொந்தமா எதுவும் சேக்காதாம்."

அவள் சோற்றை இறக்கி வைத்தாள்.

"சட்டுனு போச்சுன்னு சொன்ன. அது அவ்வளவு நேரம் பாடுது."

குருவிக்கு என்ன தெரியும், அது பாட்டுக்கு எதையோ கத்துகிறது என்றாள். அவன் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. சாப்பிட உட்கார்ந்தான். பாதிச் சாப்பாட்டில் கை நின்றது.

"அன்னிக்கு வரைக்கும் தட்டுல மரத்தூள் இருந்துச்சு. நான் ஓடி வந்தப்ப வெள்ளைப் பேப்பர் இருந்துச்சு."

"காலையிலதான் மாத்தினேன். ஒரு கட்டு பரண்ல கிடைச்சுது."

"காலையிலயா?"

"ம்."

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். "சாயங்காலம் வரைக்கும் ஒரு எச்சம் கூட இல்லயே அதுல. அவ்வளவு சுத்தமா இருந்துச்சு."

சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் படுக்கப் போனான். மரத்தூளைப் பற்றிக் கடைக்காரர் என்ன சொன்னார் என்பதை அவன் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்தது, அவன் அன்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்ததிலிருந்து. அவள் இருட்டில் மல்லாந்து கிடந்தாள். இவ்வளவு நாளும் காலை காலையாக அந்தக் கூண்டு தன்னிடம் எதை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தது என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அது வெறும் தாள் இல்லை. நாத்தனார் போன அன்றைய தாள்.

இரண்டு நாள் பொறுத்தாள். மூன்றாம் நாள் மதியத்திலிருந்தே வானம் மூடிக்கொண்டது. நாலு மணிக்கே வீட்டுக்குள் சாயங்கால இருட்டு. மழை இறங்கியதும் மின்சாரம் போனது. கணவன் வர நேரம் இருக்கிறது, அதற்குள் முடித்துவிடலாம் என்று எழுந்தாள். நாடா போட்ட துணிப்பை ஒன்றை எடுத்துக்கொண்டாள். குளியலறையில் வாளி நிறையத் தண்ணீர் இருந்தது. கதவு சரியாகச் சாத்தவில்லை, பறந்துவிட்டன என்று அவனிடம் சொல்லிக்கொள்ளலாம். மனசுக்குள் நாத்தனார் சிரித்தது போலிருந்தது, சிரிக்கட்டும் என்று நினைத்தாள்.

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள், குருவிகள் தப்பி வெளியே போய்விடாமல் இருக்க. ஜன்னல் கண்ணாடியில் மழை வழிந்துகொண்டிருந்தது. அந்தக் கலங்கல் வெளிச்சத்தில் கூண்டு, கட்டில், மடித்து வைத்த நாத்தனாரின் போர்வை எல்லாம் ஒரே பழுப்பாகத் தெரிந்தன. மர வாசனை தொண்டை வரை நிறைந்திருந்தது. நான்கு குருவிகளும் ஒரே குச்சியில் வரிசையாக உட்கார்ந்து அவளையே பார்த்தன. ஒன்றுகூட அசையவில்லை.

"என்னடா பாக்கற?" என்றாள் அந்த இளங்குருவியிடம். குரல் நடுங்கியது அவளுக்கே எரிச்சலாக இருந்தது. அதனால் இன்னும் உரக்கச் சொன்னாள். "உன்னை வளத்தவளையே மரத்தூளைப் போட்டு அனுப்பி வச்சேன். வெளிய நின்னு கடைசி வரைக்கும் கேட்டுட்டுதான் இருந்தேன். உன்னை அனுப்ப எவ்வளவு நேரம் ஆகும் எனக்கு?"

நடையில் பரண் பலகை லேசாகக் கிரீச்சிட்டது. மழையில் ஊறிய மரம் என்று விட்டுவிட்டாள்.

கூண்டுக் கதவைத் திறக்கக் கட்டிலில் ஒரு முழங்காலை ஊன்றினாள். கை கூண்டைத் தொட்டதும் நான்கும் ஒன்றாக இறக்கை அடித்தன. பறக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே அடித்தன. தட்டிலிருந்து பழுப்பாகக் கிளம்பியது.

தட்டை இழுத்தாள். தாள் இல்லை. விளிம்பு வரை மரத்தூள். கீழே கொட்டினாள். தட்டைத் திருப்பிப் பார்த்தாள். விளிம்பு வரை மரத்தூள். மறுபடி கொட்டினாள். மறுபடி. கட்டிலில், போர்வையில், அவள் மடியில். தட்டு குறையவில்லை. குருவிகள் நிறுத்தவில்லை. அறை முழுக்கப் புகையைப் போல நின்றது. கண் எரிந்தது. மூக்கை முந்தானையால் மூடினாள். முந்தானையிலும் அதுதான்.

இருமினாள். இருமி முடித்து மூச்சை இழுத்தாள்.

சீ... ஈ... ஈ...

அது குருவி இல்லை. அவள்.

தட்டை எப்படியோ கூண்டுக்குள் திணித்துவிட்டு ஜன்னலுக்குப் பாய்ந்தாள். கொக்கியைத் திருகினாள். ஆணி. அவள் அடித்த ஆணி, தலை வரை இறங்கி, துருப்பிடித்து. நகத்தால் நோண்டினாள். நகம் பிய்ந்தது. கதவுக்குத் திரும்பினாள். கட்டிலில் விழுந்தாள், மல்லாக்க. தலை எங்கே விழ வேண்டுமோ அங்கேயே விழுந்தது. நேர் மேலே கூண்டின் அடி. அதன் விளிம்பிலிருந்து பழுப்பாக இறங்கியது. மெதுவாக. அவசரமே இல்லாமல்.

இழுத்தாள். வரவில்லை. க். க்.

தட்டைத் தட்டினால் யாருக்காவது கேட்கும். கையைத் தூக்கினாள். ஒரு முறை தட்டினாள். டொக். இரண்டாம் முறை. டொக். மூன்றாம் முறை தூக்கிய கையை யாரோ பிடித்தார்கள்.

அறையில் யாரும் இல்லை. கையை மட்டும் ஏதோ பிடித்திருந்தது. உலர்ந்த கை. தாளைப் போல எடையே இல்லாதது. விரல் நுனிகள் பசை காய்ந்து காய்ந்து தடித்திருந்தன. வலிக்கும்படி இறுக்கவில்லை. உருவிக்கொள்ளப் பார்த்தாள். விடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கடைசி வரைக்கும் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறவர்கள் எப்படிப் பிடிப்பார்களோ அப்படிப் பிடித்திருந்தது.

அப்போது கதவில் ஒரு சின்னச் சத்தம் கேட்டது. இரும்பு முனை ஒன்று மரத்தைத் தொட்ட சத்தம். தொட்டு, அழுந்தி, அங்கேயே நின்றது.

அவளுக்குத் தெரிந்துவிட்டது. பட்டறையில் மின்சாரம் இல்லாமல் சீக்கிரமே வந்துவிட்டான். கதவின் அந்தப் பக்கம், ஸ்க்ரூட்ரைவர் பிடியைக் காதில் வைத்து, கண்ணை மூடி நிற்கிறான். எப்போதிலிருந்து நிற்கிறான்? அவனைக் கூப்பிட வாயைத் திறந்தாள். நீளமாக ஒரு சீழ்க்கைதான் வந்தது. கதவுக்கு அப்பால் எதுவும் அசையவில்லை. அவன் பொறுமைசாலி. உள்ளே ஓடுவது நிற்கும் வரை கேட்பான்.

வெகு நேரம். மழை விட்டுவிட்டுப் பெய்தது. சட்டென்று போகவில்லை.

கதவு திறந்தபோது அவளால் கண்ணை மட்டும்தான் திருப்ப முடிந்தது. அவன் கையில் ஒரு வெள்ளைத் தாள் இருந்தது. தட்டின் அளவுக்குக் கச்சிதமாக வெட்டியது. கட்டிலைப் பார்க்காமல் வந்தான். தாளை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, அக்கா பார்க்கிற அதே நிதானத்தோடு, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தான். தட்டை உருவினான். அதில் இருந்ததை அவள்மேல் சரித்தான். தாளை விரித்து, ஓரத்தை விரலால் நீவி, தட்டை உள்ளே தள்ளினான்.

குருவிகள் இறக்கையை மடக்கிக்கொண்டன. இளங்குருவி மட்டும் குச்சியின் ஓரத்துக்கு நகர்ந்து, தலையைச் சாய்த்து, அவள் வாயையே கவனமாகப் பார்த்தது. க், என்றாள் அவள். க், என்றது அது.

அவள் முகத்துக்கு நேர் மேலே, புதுத் தாளின் மேல், ஏதோ விழுந்தது.

பொட்.